தீர்த்தம் தெளித்த இலை

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. பக்கத்துத் தோட்டக்காரர் தினமும் இலை மூட்டையில் தண்ணீர் தெளித்துத்தான் எடைக்கு அனுப்புகிறார். அதே ஆள்தான் கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்கு எல்லோரையும்விட அதிகமாகப் பணம் கொடுக்கிறார். அவருக்கு மாலை போட்டு முதல் வரிசையில் உட்கார வைக்கிறார்கள், மைக்கில் இரண்டு தடவை பெயர் வாசிக்கிறார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்காத எனக்குப் பந்தியில் இடம் பிடிப்பதே பெரும்பாடு. அந்தப் பணத்தை வாங்கலாமா என்று கமிட்டியில் கேட்டால் சிரிக்கிறார்கள். கடவுள் இதையெல்லாம் கவனிக்கிறாரா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடவுள் கவனிக்கிறாரோ என்னவோ, நீங்கள் நன்றாகவே கவனிக்கிறீர்கள்.

முதலில் ஒரு வாக்குமூலம். எங்கள் வீட்டிலும் தெளித்தோம். அம்மாதான் தெளிப்பார். வெள்ளிக்கிழமை விரதம் தவறாதவர். கடையில் மீதிச் சில்லறை ஒரு ரூபாய் கூடுதலாக வந்துவிட்டால் ஏற்றத்தில் திரும்ப நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருவார். அவரே சொம்பில் தண்ணீர் எடுத்து, கோயிலில் தீர்த்தம் தெளிக்கிற மாதிரி விரல் நுனியால் ஒவ்வொரு மூட்டையாகத் தெளிப்பார். எதற்கு என்று கேட்டால், "வெயில்ல இலை வாடிரும்ல" என்பார். உண்மையில் ஈர இலை சாக்குக்குள் அழுந்திக் கிடந்தால் சூடேறிச் சிவந்துதான் போகும். அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் இலைமேல் அத்தனை கரிசனம்.

அம்மா பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. இலை எடுக்க வரும் ஏஜென்ட், ஈரத்துக்கென்று மூட்டைக்கு இவ்வளவு கிலோ என்று கழிப்பார். மழைக்காலத்தில் சரி. ஒரு பிப்ரவரியில், மழை நின்று பல வாரமாகி, பாதையில் புழுதி பறந்துகொண்டிருந்தபோதும் கழித்தார். அம்மா சண்டைக்குப் போனதற்கு, "வழக்கம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மறுநாள் சொம்பு போய் வாளி வந்தது.

அவர் கழிப்பதால் நாங்கள் தெளித்தோம், நாங்கள் தெளிப்பதால் அவர் கழித்தார். யார் ஆரம்பித்தது என்று தெரிய வேண்டுமென்றால் இரண்டு குடும்பத்துத் தாத்தாக்களையும் எழுப்பித்தான் கேட்க வேண்டும். அம்மாவும் ஏஜென்ட்டும் போனது ஒரே கோயிலுக்கு. "அந்தத் தராசுக்காரனை நீதான் கேக்கணும்" என்று அம்மா வேண்டிக்கொள்வார். அவரும் ஏறக்குறைய அதையேதான் வேண்டியிருப்பார். தன் கணக்கைச் சரிபார்க்கச் சொல்லி யாரும் அர்ச்சனைச் சீட்டு வாங்கி நான் பார்த்ததில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பறித்த இலையில் முக்கால் பங்கு வெறும் தண்ணீர்தான். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை போக வேண்டும். மீதியெல்லாம் ஃபேக்டரியில் வாட்டி, அரைத்து, உலர்த்தும்போது ஆவியாகப் போய்விடுகிறது. போதாததற்கு விடியற்காலை மூடுபனி வேறு தன் பங்குக்கு ஒரு கை தெளித்துவிட்டுப் போகும். ஆக, தராசில் ஏறும் தண்ணீரில் பெரும்பகுதி கடவுள் கலந்தது. அம்மா கலந்தது கொசுறு. இந்தக் கணக்கை, அவருக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று ஒருநாள் சொன்னேன். அம்மா சொம்பைக் கீழே வைக்காமலே, "அவர் கலந்ததுக்குக் காசு வாங்கலாம்டா, நான் கலந்ததுக்கு வாங்கக் கூடாது" என்றார்.

அன்றோடு யாருக்கும் நீதி போதிக்கும் ஆசை எனக்குப் போய்விட்டது. பாடம் எல்லோருக்கும் மனப்பாடமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் அந்தப் பணம். ஊட்டியில் புனித ஸ்டீபன் தேவாலயத்துக்குப் போயிருக்கிறீர்களா? 1830-ல் அர்ச்சிக்கப்பட்டது. அதன் பெரிய உத்தரங்கள், ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பெயர்த்து வந்தவை. திப்பு 1799-ல் போரில் விழுந்தார். அவர் வீட்டு மரம் மலையேறி வந்து கிறிஸ்துவுக்குக் கூரை தாங்குகிறது. அதன் கீழே இத்தனை வருஷமாக ஜனங்கள் முழங்கால் போட்டு அழுதிருக்கிறார்கள், மோதிரம் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஜெபமெல்லாம் செல்லாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொள்ளை கொள்ளைதான் என்பதை விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நல்ல குளிர் வேறு.

அதனால் கமிட்டி பணத்தை வாங்கட்டும். மாலையையும் மைக்கையும் மட்டும் ஒரு வருஷம் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நன்கொடை எவ்வளவு வருகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். கடிதத்தில் தண்ணீருக்கு ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். மாலைக்கும் முதல் வரிசைக்கும் மைக்குக்கும்தான் அதிக இடம். அவர் தண்ணீரும் தெளித்து, நன்கொடையும் தராமல் சும்மா இருந்திருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்குமா?

திருவிழாவுக்கு அவசியம் போங்கள். பந்தியில் ரசம் கொஞ்சம் தண்ணியாக இருந்தால் சமையல்காரரை ஒன்றும் சொல்லாதீர்கள்.