38,000 ரூபாய் கிராபிக்ஸ் கார்டு: இஎம்ஐ போட்டு வாங்கலாமா?

கேள்வி: வயது 27, கோவையில் வேலை, கையில் வரும் சம்பளம் 42,000. வாடகை, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் போக மாதம் 9,000 மிஞ்சணும், ஆனால் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. கிரெடிட் கார்டில் 31,000 பாக்கி, மினிமம் டியூ தவறாமல் கட்டுகிறேன். விண்டோஸ் இல்லை, லினக்ஸ் மின்ட் ஆபரேட்டிங் சிஸ்டத்தில்தான் கேம் ஆடுவேன். ரைசன் 5 3600 பிராசஸர், என்விடியா ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), 60 ஹெர்ட்ஸ் ஃபுல் ஹெச்டி மானிட்டர். சைபர்பங்க் கேம் 35 எஃப்பிஎஸ் (நொடிக்கு 35 ஃபிரேம்) தாண்டவில்லை, இந்தக் கார்டுக்கான டிரைவரையும் என்விடியா நிறுத்துகிறதாம். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி கார்டு, 12 மாத நோ காஸ்ட் இஎம்ஐ-யில் கிடைக்கிறது. அதைப் போட்டால் நண்பர்களோடு வாலரன்ட்டும் ஆடலாம். விலை ஏறுவதற்குள் வாங்கிவிடவா?

பதில்: இப்போது வேண்டாம். கிராபிக்ஸ் கார்டு மாற்றும் ஆசையில் தப்பில்லை, 1060 வந்தது 2016-இல், அதை வைத்து சைபர்பங்க் ஆடுவதே பெரிய விஷயம். எனக்கு உறுத்துவது அந்த "மினிமம் டியூ தவறாமல்" என்ற வரிதான்.

31,000-க்கு 5 சதவீதம் என்றால் மினிமம் டியூ 1,550 ரூபாய். மாதம் மூன்றரை சதவீத வட்டி 1,085, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 195, ஆக 1,280 அங்கேயே போய்விடுகிறது. நீங்கள் கட்டும் 1,550-இல் கடன் குறைவது வெறும் 270 ரூபாய்! இப்படியே ஒரு வருடம் ஓட்டினால் வட்டி, ஜிஎஸ்டிக்கு மட்டும் 14,000-க்கு மேல் ஆகும். ஸ்டேட்மென்ட்டை எடுத்து உங்கள் வட்டி விகிதத்தைப் பாருங்கள், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் பாக்கி நிற்கும் வரை புதிதாகத் தேய்ப்பதற்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது, அது பலருக்குத் தெரிவதில்லை. நோ காஸ்ட் இஎம்ஐ-யிலும் வட்டி இருக்கிறது, அதைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறார்கள். அந்த வட்டிக்கான ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில்தான்.

சரி, கிராபிக்ஸ் கார்டுக்கு வருவோம். வாலரன்ட்டை மறந்துவிடுங்கள். ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் அதன் வான்கார்டு ஆன்டி-சீட் மென்பொருள் லினக்ஸில் ஓடாது, லட்ச ரூபாய் கார்டு போட்டாலும் இதே கதைதான். டிரைவர் விஷயம் உண்மை, 1060 இருக்கும் பாஸ்கல் தலைமுறைக்கு 580 வரிசை டிரைவர்தான் கடைசி. ஆனால் மின்டில் அந்த 580 தொடர்ந்து கிடைக்கும், நாளைக்கே திரை கறுத்துவிடாது. ஆர்ச் என்ற இன்னொரு லினக்ஸில் இருந்தால்தான் கொஞ்சம் தலைவலி.

மாங்கோஹட் (ஆடும்போதே கார்டு எவ்வளவு வேலை செய்கிறது என்று திரையில் காட்டும் மென்பொருள்) போட்டு சைபர்பங்கை ஓடவிட்டு ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் சிப்பின் சதவீதத்தைப் பாருங்கள், 95-க்கு மேலேயே நின்றால் முட்டுக்கட்டை கார்டுதான். அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனாலும் நொடிக்கு 60 ஃபிரேம் வரைதான் காட்டும் 60 ஹெர்ட்ஸ் ஃபுல் ஹெச்டி திரைக்கு 38,000 அதிகம். 8 ஜிபி ஆர்எக்ஸ் 7600 போதும், சில புது கேம்களில் டெக்ஸ்சரை ஒரு படி இறக்க வேண்டிவரும், அவ்வளவுதான். ஏஎம்டி என்பதால் டிரைவர் லினக்ஸின் மையமான கெர்னலிலும், மேசா என்ற கிராபிக்ஸ் மென்பொருளிலும் ஏற்கெனவே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். 9060 எக்ஸ்டி 2025-இல் வந்தது, மின்ட் 22-இன் 6.8 கெர்னல் அதற்கு முந்தியது, அதையும் மேசாவையும் புதுப்பித்தால்தான் ஒழுங்காக ஓடும்.

எஸ்எம்பிஎஸ் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கேபினெட்டைத் திறந்து பாருங்கள், 1060-க்குப் போகும் ஒயரில் 6 பின் மட்டும் இருந்தால் 7600-க்கு ஆகாது, 8 பின் வேண்டும். 550 வாட்டில் நல்லதாக ஒன்று வாங்க 4,000 ஒதுக்குங்கள்.

சம்பளம் வந்த அன்றே 9,000-ஐ முழுசாக கிரெடிட் கார்டுக்கு அனுப்பினால் நாலாவது மாதம் பாக்கி தீர்ந்து, ஆயிரத்து எண்ணூறு ரூபாய் போல மிஞ்சும். அப்புறம் மூன்று மாதம் அதே 9,000-ஐச் சேர்த்தால் 28,800. கிராபிக்ஸ் கார்டு 24,800-க்குள் கிடைத்தால் எஸ்எம்பிஎஸ்ஸும் அடங்கிவிடும், ரொக்கமாக வாங்கலாம். அதற்குள் விலை ஏறாதா என்றால், ஏறலாம், மெமரி விலை 2025 கடைசியிலிருந்தே ஏறுமுகம்தான். ஆனால் ஜிஎஸ்டியோடு வருடத்துக்கு 50 சதவீதத்தைத் தொடும் வட்டியைத் தூக்கிக்கொண்டு, கார்டு விலை ஏறுமே என்று கவலைப்படுவது எனக்குப் புரியவில்லை.

அவசரப்பட்டு செகண்ட் ஹேண்டும் வேண்டாம். நான் ஒருமுறை சென்னை ரிச்சி தெருவில் கிரிப்டோ மைனிங்கில் வறுபட்ட கார்டு என்று தெரியாமல் வாங்கி, மூன்றே மாதத்தில் ஃபேன் நின்று, கடைக்காரர் என்னை அடையாளமே தெரியாதது போலப் பார்த்தார். உங்கள் 1060-ஐ விற்கும்போது பெட்டி இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள், ஐந்நூறு ரூபாயாவது கூடக் கிடைக்கும்.