தாதியியல் முதுமாணி: கற்றல் பேறுகளை வாட்டில் எப்படிக் காட்டுவது?

திருகோணமலையில் மருத்துவ வாட் ஒன்றில் வேலை செய்யும் தாதிய உத்தியோகத்தர் ஒருவர் கேட்கிறார்: "முதுமாணி முதலாம் வருடம். ஆய்வு ஆதாரங்களை மதிப்பிடுவது, பராமரிப்பின் தரத்தை உயர்த்துவது, குழுவை வழிநடத்துவது ஆகிய மூன்று கற்றல் பேறுகளையும் வாட் பயிற்சியில் அடைய வேண்டும். நான் எழுதிக் கொடுத்த திட்டத்தை மேற்பார்வையாளர் 'இது இளமாணி மட்டம்' என்று திருப்பி அனுப்பிவிட்டார். இத்தனை வருட அனுபவத்துக்கு மேல் என்ன செய்வது? மாறி மாறி வரும் டியூட்டிக்குள் நேரம் எங்கே?"

அனுப்பிய திட்டத்தையும் பார்த்தேன். காயக் கட்டில் தேர்ச்சி பெறுவேன், நீரிழிவு நோயாளருக்குச் சுகாதாரக் கல்வி கொடுப்பேன், புதிய கருவிகளைப் பழகுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் நல்ல வேலைதான், ஆனால் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலை. ஒவ்வொரு பேற்றுக்கும் எதிரே ஒரு கேள்வியை எழுதிப் பாருங்கள்: "இதை அடைந்துவிட்டேன் என்று காட்ட மேசையில் எதை வைப்பேன்?" மணித்தியாலக் கணக்கும் சிஸ்டரின் கையொப்பமும் மட்டும்தான் பதில் என்றால் மேற்பார்வையாளர் சொன்னது சரி. எதை, ஏன் தீர்மானித்தீர்கள், அதனால் வாட்டில் என்ன மாறியது என்பது காகிதத்தில் தெரிய வேண்டும்.

மூன்று பேற்றுக்கும் மூன்று வேலை தேட வேண்டாம். வாட்டில் நெடுநாளாக உங்களை உறுத்தும் ஒரு பிரச்சினையை எடுங்கள். பயிற்சி மாரி காலத்தில் வந்தால் டெங்கு நோயாளரின் திரவக் கணக்கைத்தான் நான் சொல்வேன். 2017இல் கிண்ணியா பட்ட பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. குருதிக் குழாயிலிருந்து திரவம் கசியும் அந்த 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு சிறுநீர் வெளியே வந்தது என்பதையும் பார்த்துத்தான் டொக்டர் சேலைனின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறார். குறைந்தால் நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போகலாம், கூடினால் நுரையீரலில் நீர் சேரலாம். திரவக் கணக்கு எழுதும் அட்டவணையில் இரவு 2 மணிக் கட்டம் வெறுமையாக இருந்தால் அவர் எதை வைத்துத் தீர்மானிப்பார்?

முதலில் விடுகை பெற்றவர்களின் அட்டவணைகளை அனுமதியோடு எடுத்துப் பாருங்கள். எத்தனை கட்டம் வெறுமை என்று எண்ணுவதோடு நிறுத்திவிடாமல், எந்த ஷிப்டில், எந்த மணிக்கு, எந்தப் பத்தியில் என்று பிரியுங்கள். இரவில் உள்ளே போனது ஒழுங்காக எழுதப்பட்டு வெளியே வந்தது மட்டும் விடுபட்டிருந்தால், நேர்சுமாரின் கவனக்குறைவு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். நோயாளி தானே எழுந்து மலசலகூடத்துக்குப் போயிருப்பார். அளவுச் சாடி எல்லாக் கட்டிலுக்கும் இருந்திருக்காது. துணைக்கு நின்ற தாய் அளக்காமல் ஊற்றியிருப்பார். இந்த மூன்றுக்கும் மூன்று வேறு தீர்வு. காரணம் தேடாமல் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு விரிவுரை வைப்பதுதான் எங்கள் வழமையான வைத்தியம். அது இரண்டு கிழமைக்கு மேல் தாக்குப்பிடித்து நான் கண்டதில்லை.

அடுத்து ஆதாரம். கேள்வியை ஒடுக்கமாக அமையுங்கள்: வளர்ந்த நோயாளரில், நோயாளியோ துணைக்கு நிற்பவரோ சிறுநீரை அளந்து குறித்தால், தாதியர் மட்டும் குறிப்பதைவிட அட்டவணை முழுமையாகுமா? யாரில், என்ன செய்து, எதோடு ஒப்பிட்டு, எந்த விளைவைப் பார்க்கிறோம் என்ற நான்கும் இதற்குள் இருக்கின்றன. சுகாதார அமைச்சின் டெங்கு வழிகாட்டியில் தொடங்குங்கள். ஆய்வுக் கட்டுரைகளை இணையத்தில் தரும் பப்மெட் சென்ட்ரலும் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைனும் காசு கேட்காது. டெங்குவில் நேரடியான ஆய்வு கிடைக்காவிட்டால் இதயச் செயலிழப்பு, சிறுநீரக வாட்டுகளில் தேடலாம். கிடைத்ததைச் சுருக்கி எழுதிக் கொடுத்தால் மதிப்பீடு ஆகாது. அந்த வாட்டில் ஒரு தாதிக்கு எத்தனை நோயாளர், உங்களிடம் இரவில் எத்தனை? அங்கே பலித்தது இங்கே பலிக்குமா? இதை வாதிடும் இரண்டு பக்கம், பத்துக் கட்டுரைச் சுருக்கத்தைவிடக் கனமானது.

வழிநடத்த நீங்கள் சிஸ்டராக இருக்கத் தேவையில்லை. சுகாதார உதவியாளர்களை முதல் கூட்டத்திலேயே உட்கார வையுங்கள், யூரினலைக் கழுவுவது அவர்கள்தானே. துணைக்கு நிற்பவர்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் படத்தோடு ஒரு தாள் போதும். யார் மறுத்தார், என்ன காரணம் சொன்னார், அதற்காகத் திட்டத்தில் எதை மாற்றினீர்கள் என்று குறித்து வையுங்கள். மாற்றத்துக்குப் பிறகு அதே முறையில் அட்டவணைகளை மறுபடி பாருங்கள். பலன் கிடைக்காவிட்டால் அதையும் அப்படியே எழுதுங்கள், ஏன் என்று விளக்கினால் போதும்.

சரி, நேரம். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் 1 திறமைப்புள்ளி என்பது 50 மணித்தியாலக் கற்றல். 3 புள்ளிப் பாடம் என்றால் 150 மணித்தியாலம், வாசிப்பும் எழுத்தும் அதற்குள்ளேயே அடக்கம். ஆய்வுக்கு ஒரு புள்ளிக்கு 100. டியூட்டி நேரத்தைப் பயிற்சி நேரமாகக் கணக்கில் எடுப்பார்களா என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்திலேயே கேளுங்கள், வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். நைட் முடிந்து போகுமுன் பத்து வரி தமிழில் குறியுங்கள்: எதைத் தீர்மானித்தேன், வேறு என்ன வழி இருந்தது, அதை ஏன் விட்டேன். ஓய்வு நாளில் அதை ஆங்கிலத்தில் விரித்தால் பிரதிபலிப்புக் குறிப்பு தயார். கட்டில் சீட்டை போனில் படமெடுக்காதீர்கள். பெயரும் பதிவு இலக்கமும் இல்லாமல் வேண்டிய எண்களை மட்டும் தாளில் எடுங்கள்.

இதைப் பிறகு ஆய்வுக் கட்டுரையாக வெளியிடும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், முதல் அட்டவணையைப் புரட்டுமுன் வைத்தியசாலைப் பணிப்பாளரின் அனுமதியோடு ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதிக்கும் விண்ணப்பியுங்கள். தரவு சேர்த்த பிறகு கேட்டால் பொதுவாகக் கிடைக்காது. எனவே மேற்பார்வையாளரை அடுத்த முறை சந்திக்கும்போது திருத்திய திட்டத்தோடு இதையும் கேட்டுவிடுங்கள்.