தாத்தாவுக்கு டிபி, 3 வயதுப் பேரனுக்கு இருமலே இல்லை. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குக் கூட்டிப்போய்ச் சோதிக்க வேண்டுமா?

சோதிக்கத்தான் வேண்டும், ஆனால் மலையிறங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஏற்காடு அரசு மருத்துவமனையிலேயே தொடங்கலாம். பிசிஜி தடுப்பூசித் தழும்பு இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அது மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைகளைத்தான் பெரும்பாலும் தடுக்கும். 5 வயதுக்குள் கிருமி புகுந்தால் நோயாக முற்றும் வாய்ப்பு அதிகம்.

முதலில் பார்ப்பது: 2 வாரத்துக்கு மேல் இருமல் அல்லது காய்ச்சல், எடை ஏறாமல் நிற்பது, கழுத்தில் கட்டி, ஓடியாடாமல் சுருண்டு கிடப்பது. அங்கன்வாடி எடை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். வாய்வார்த்தையைவிட அது நம்பகமானது.

இதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே, கிருமிச் சோதனை. சின்னக் குழந்தை சளியைத் துப்பாது, விழுங்கிவிடும். அதனால் விடியற்காலை வெறும் வயிற்றில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பை நீரை எடுப்பார்கள். முதல் பஸ்ஸில் வரும்போது அழுகிறதென்று ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் போச்சு. முந்தின நாளே சேலம் ஜி.எச்.சில் சேர்த்துவிடுவது மேல்.

அறிகுறி எதுவும் இல்லையென்றால் தடுப்பு மருந்து. மான்டூ ஊசிக்காக (தோலில் போட்டு டிபி தொற்று இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வயதில், சளியில் கிருமி உறுதியானவரோடு ஒரே வீட்டில் இருப்பதே போதுமான காரணம். அப்படியே போட்டாலும் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளக்க வேண்டும். சிவப்பு கணக்கில்லை, கெட்டியான தடிப்பு 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் தொற்று என்று கொள்வார்கள். வியாழக்கிழமை போட்டால் அளக்கும் நாள் சனி, ஞாயிறில் மாட்டிக்கொள்ளும். தொற்று புதிதாக இருந்தாலோ குழந்தை மெலிந்திருந்தாலோ தடிப்பே வராமலும் போகலாம்.

மருந்து ஐசோனியாசிட், கிலோவுக்கு 10 மி.கி., தினமும் ஒருவேளை, 6 மாதம். 12 கிலோ குழந்தைக்குச் சுமார் 120 மி.கி.; மாத்திரைக் கணக்கை டாக்டர் சொல்வார். அரசில் இலவசம். தண்ணீரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுங்கள். மாதாமாதம் எடை பாருங்கள், எடை கூடினால் அளவும் கூடலாம். விடாத வாந்தி, கண் மஞ்சள், சிறுநீர் அடர்நிறம் என்றால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே காட்டுங்கள். நோய் இருக்கும் குழந்தைக்கு இந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமி அதற்கு மசியாமல் போய்விடும். முதலில் நோய் இல்லையென்று உறுதி செய்வது அதற்காகத்தான்.

தாத்தாவின் சளி ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். அதில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பு (டிபியின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி மசியவில்லை) என்று இருந்தால், மேலே சொன்ன மருந்துக் கணக்கு குழந்தைக்குப் பொருந்தாது.