கரி என்ஜினுக்கு அழுக்கு ஏற்றுவது எப்படி? மாடல் ரயில் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: "கடையில் வாங்கிய என்ஜின் பொம்மை மாதிரியே இருக்கிறது, என்ன செய்வது?" அதற்கு நீளமாகவே பதில் சொல்லியிருக்கிறேன். மற்றவை சுருக்கம். கேட்டவர்களில் பெரும்பாலோர் மீட்டர் கேஜ் (இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர்) ஆசாமிகள் என்பதால் உதாரணங்களும் அங்கிருந்தே.

மேஜைமேல் மீட்டர் கேஜ் லேஅவுட் (ஸ்டேஷனும் பாதையுமாக ஒரு குட்டி ரயில் உலகம்) கட்ட ஆசை. ஆறடிக்கு இரண்டடி மேஜைதான் கிடைக்கும். எந்த அளவில் ஆரம்பிப்பது? (திருச்சி வாசகர்)

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஹெச்ஓ அளவு என்பது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. 1000 மி.மீ. மீட்டர் கேஜை 87-ஆல் வகுத்தால் 11.5 மி.மீ. சந்தையில் கிடைப்பது 12 மி.மீ. தண்டவாளம். அந்த அரை மில்லிமீட்டரை யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. ஸ்விட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் ரயில்களைக் கட்டுகிறவர்கள் இதைத்தான் ஹெச்ஓஎம் என்கிறார்கள். எங்கும் கிடைக்கிற சாதாரண ஹெச்ஓ தண்டவாளம் 16.5 மி.மீ. அது 1435 மி.மீ. ஸ்டாண்டர்ட் கேஜுக்கு உரியது. நம் பிராட் கேஜ் 1676 மி.மீ. என்பதால் அதற்கு 19 மி.மீ.க்கு மேல் வேண்டும். 16.5-ஐப் போட்டுவிட்டு பிராட் கேஜ் என்று சொல்லிக்கொள்பவர்கள் ஏராளம். நானும் பல வருடம் சொன்னவன்தான். வண்டியை நேர் எதிரே நின்று பார்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

இடம் போதவில்லை என்றால் இன்னொரு வழி: 120-ல் ஒரு பங்கான டிடி அளவில் பெட்டிகளைச் செய்து, 'என்' (N) எனப்படும் இன்னும் சிறிய அளவின் 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓட்டலாம். 9-ஐ 120-ஆல் பெருக்கினால் 1080. மீட்டர் கேஜுக்குப் பக்கம்தான்.

ஆனால் இரண்டடி அகலத்தில் வட்டம் போட நினைக்காதீர்கள். ஆரம் ஓரடிகூட வராது. ஹெச்ஓ அளவில் ஒய்பி (மீட்டர் கேஜில் பயணிகள் ரயிலை இழுத்த கரி என்ஜின்) மாதிரி நீளமான என்ஜின் அந்த வளைவில் திரும்பாது, திரும்பினாலும் பார்க்கச் சகிக்காது. நீளவாக்கில் ஒரு கிளைப்பாதைக் கடைசி ஸ்டேஷனைக் கட்டுங்கள். என்ஜினைக் கழற்றுவது, சுற்றிக்கொண்டு மறுமுனைக்கு வருவது, தண்ணீர் பிடிப்பது, கூட்ஸ் வேகனைத் தனியாக ஒதுக்குவது என்று வேலைக்குப் பஞ்சமே இருக்காது.

ஒய்பி, அதன் கூட்ஸ் ஜோடியான ஒய்ஜி என்ஜின்களை நீங்களாகத்தான் உருவாக்க வேண்டியிருக்கும். அடிச்சட்டத்தை வேறு மாடலிலிருந்து எடுத்து, மேல்பாகத்தைப் பித்தளைத் தகட்டிலோ 3டி பிரிண்டிலோ செய்வதுதான் வழக்கம். அடிச்சட்டம் தேடும்போது பெரிய சக்கரத்தின் விட்டத்தைத்தான் முதலில் அளக்க வேண்டும். ஒய்பிக்கு நிஜத்தில் 1372 மி.மீ., ஹெச்ஓவில் 15.8. ஒய்ஜிக்கு 1219 மி.மீ., அதாவது 14. சக்கரம் தப்பினால் மேலே என்ன செய்தாலும் அந்த என்ஜினின் சாயல் வராது.

1970-ல் எழும்பூர். ஒய்பி இழுக்கும் எக்ஸ்பிரஸ் கிளம்புகிற காட்சி. சரியாக இருக்குமா? (சென்னை வாசகர்)

இடிக்கிறது. கடற்கரை-தாம்பரம் பாதையில் 1931-லேயே மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. 1960களில் கம்பி விழுப்புரம் வரை நீண்டது. அதற்கென்றே ஜப்பானிலிருந்து ஒய்ஏஎம்1 மின்சார என்ஜின்கள் வந்தன. 1970-ல் எழும்பூரைக் கட்டினால் தலைக்கு மேல் கம்பி, எக்ஸ்பிரஸின் முன்னால் மின்சார என்ஜின் என்றுதான் கட்ட வேண்டும்.

ஆசையை விட வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். விழுப்புரம் எப்படி? கம்பி முடிகிற இடம். அங்கே மின்சார என்ஜின் கழன்றுகொள்ள, கரி என்ஜினோ டீசலோ பின்னால் வந்து கோக்க வேண்டும். மாயவரம், விருத்தாசலம், காட்பாடி, புதுச்சேரி என்று நாலு பக்கமும் பாதை பிரிகிற ஜங்ஷன். மாடல் கட்டுகிறவனுக்கு இதைவிட நல்ல காட்சி அமையாது.

கறுப்பு என்ஜின் ஒன்று வாங்கினேன். பளபளவென்று இருக்கிறது. நண்பர்கள் துரு ஏற்றச் சொல்கிறார்கள். எங்கே, எவ்வளவு? (மதுரை வாசகர், இதே கேள்வி இன்னும் பலரிடமிருந்தும்)

முதலில் துருவை மறந்துவிடுங்கள். தினமும் ஓடுகிற என்ஜினில் எண்ணெயும் கரியும் சேர்ந்து துருவை அண்ட விடாது. உடம்பெல்லாம் துரு என்றால் அது ஷெட்டுக்குப் பின்னால் கழித்துப் போட்ட என்ஜின். அதோடு, ஒய்பி 1949 முதல் 1970 வரை கட்டப்பட்டது. உங்கள் லேஅவுட் 1970 என்றால் அதில் நிற்கிற ஒய்பிக்கு வயது ஐந்தோ ஆறோகூட இருக்கலாம். அதைக் கிழவியாக்க வேண்டியதில்லை.

கறை ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. அது தெரிந்துவிட்டால் பிரஷ்ஷை எங்கே வைப்பது என்று யாரையும் கேட்க வேண்டாம். பாய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் சூடு வெளியேறாமல் காக்க ஒரு பொதி, அதற்கு மேல் மெல்லிய தகட்டுப் போர்வை. ஆகவே வெளிப் பெயிண்ட் அவ்வளவாக வேகாது, எண்ணெய்த் துணியால் துடைத்தால் மினுங்கும். முன்னால் இருக்கிற ஸ்மோக் பாக்ஸுக்கு அந்தப் பொதி கிடையாது. நெருப்புக் குழாய்களைக் கடந்து வருகிற சூட்டை நேராக வாங்கிக்கொள்கிறது. அங்கே பெயிண்ட் வெந்து, பளபளப்பு செத்து, சாம்பல் பூத்த கறுப்பாகிவிடும். கதவின் அடியில் சூடான கரித்தூள் குவிவதால் அந்த இடம் இன்னும் மோசம். ஏதாவது ஒரு இடத்தில் கொஞ்சம் துரு வைத்தே தீருவேன் என்றால் இங்கே வையுங்கள். பாய்லருக்கு அரை மினுக்கான சாட்டின் வார்னிஷ், ஸ்மோக் பாக்ஸுக்கு மேட் வார்னிஷ். இந்த ஒரு வித்தியாசத்திலேயே பொம்மைத்தனம் பாதி போய்விடும்.

அடுத்து வெள்ளைக் கோடுகள். பாய்லருக்குப் போகிற தண்ணீரில் உப்பு இருக்கும். பாய்லருக்குள் தண்ணீர் நுழைகிற வால்வு, மேலே சேஃப்டி வால்வு, இங்கெல்லாம் கொஞ்சம் கசிந்தாலும் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்கும். போர் தண்ணீர் பிடிக்கிற வாளியில் படிகிறதே, அதே சமாசாரம். இதற்கு என் கைச்சரக்கு விபூதி. நன்றாகச் சலித்த விபூதியைத் துளி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் குழைத்து, மிக மெல்லிய பிரஷ்ஷால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. காய்ந்ததும் ஈரப் பிரஷ்ஷால் பாதியைத் துடைத்துவிடுங்கள். காசு கொடுத்து வாங்குகிற வெள்ளைப் பொடி எதுவும் எனக்கு இவ்வளவு நன்றாகப் படிந்ததில்லை. மூன்று கோடு போதும். நாலாவது போட்டால் பட்டை அடித்த மாதிரி ஆகிவிடும்.

டெண்டரில் (என்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கிற வண்டி) கரித்தூள் படியும், ஆனால் தண்ணீர் நிரப்புகிற வாய் பின்பக்கம் இருக்கிறது. வழிகிற தண்ணீர் தூளைக் கழுவிக்கொண்டு இறங்கும். எனவே டெண்டரின் பின்பாதியில் மேலிருந்து கீழாக வரிகள், முன்பாதியில் சீரான தூசி. கேபினுக்கு ஏறுகிற படியும் கைப்பிடியும் கையும் காலும் பட்டுப் பளிச்சென்று இருக்கும். அங்கே பென்சில் கரியை விரலால் தேய்த்தால் உலோகம் போலவே மின்னும்.

அடிப்பாகம் தனிக் கதை. அந்தக் கால பிரேக் கட்டைகள் வார்ப்பிரும்பு. தேய்கிற இரும்புத் தூள்தான் சக்கரத்தையும் சுற்றுப்புறத்தையும் பழுப்பாக்குகிறது. அதன்மேல் சாம்பலும் ஊர் மண்ணும். ஆனால் இணைப்புத் தண்டுகளில் எண்ணெய் ஓயாமல் வழியும். அவை ஈரம்போல மினுங்க வேண்டும், துரு கூடவே கூடாது.

செய்கிற வரிசை: சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, வார்னிஷ் அடித்து, தண்ணீராகக் கரைத்த கரும்பழுப்பு அக்ரிலிக் பெயிண்டை முழுக்கத் தடவி உடனே துடைத்துவிட வேண்டும். இடுக்குகளில் மட்டும் தங்கும். பிறகு ஏர்பிரஷ்ஷில் அடிப்பாகத்துக்குப் பழுப்பு. கடைசியில் கரி, தூசி மாதிரி தெரிவதற்கான நிறப்பொடிகள். சுத்தக் கறுப்பைத் தொடவே தொடாதீர்கள். சின்ன மாடலில் அது வெறும் ஓட்டையாகத்தான் தெரியும், கரும் சாம்பல் நிறம்தான் கறுப்பாகத் தெரியும்.

அடிப்பாகத்துக்குப் பெயிண்ட் அடிக்கும்போது இரண்டு ஒயர் கொடுத்துச் சக்கரத்தைச் சுற்றவிட்டபடியே அடியுங்கள். இல்லாவிட்டால் தண்டு மறைத்த இடம் நிழல்போல வெளுத்து நிற்கும். முடிந்த கையோடு தண்டவாளத்தில் படுகிற சக்கர விளிம்பைத் துடைத்துவிட வேண்டும், பெயிண்டின் வழியாகக் கரண்ட் போகாது. இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மோட்டாரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, ஆசை ஆசையாகப் பொடி தடவி, பத்திரமாக இருக்கட்டும் என்று மேலே வார்னிஷ் ஸ்பிரேயைத் தாராளமாக அடித்தேன். பொடி அத்தனையும் காணாமல் போயிற்று. அடித்தே ஆக வேண்டுமென்றால் தூரத்திலிருந்து லேசாக ஒரு வீச்சு, அவ்வளவுதான்.

டெண்டர் கரிக்கு அச்சில் வார்த்த கறுப்பு பிளாஸ்டிக் கட்டி வந்திருக்கிறது. வைக்கலாமா?

வேண்டாம். நிஜ நிலக்கரித் துண்டு ஒன்றைத் துணியில் சுற்றிச் சுத்தியால் தட்டுங்கள். தூளைச் சலித்து நீக்கிவிட்டு, ஃபெவிகால் தண்ணீரில் ஒட்டுங்கள். இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம். இந்தத் தரம் குறைந்த கரிக்காகத்தான் பிராட் கேஜின் டபிள்யூபி என்ஜினுக்கு அகலமான நெருப்புப் பெட்டி வைத்தார்கள். எனவே குவியல் வைரம்போல மின்ன வேண்டாம், மங்கலாகவே இருக்கட்டும்.

எங்கள் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலைச் சலித்து லேஅவுட்டில் தூவலாமா? நிறம் அப்படியே இருக்கிறது. (தூத்துக்குடி வாசகர்)

நிறத்துக்கு அதை அடித்துக்கொள்ள முடியாது. ஆனால் அதில் இல்மனைட் மாதிரி கனமான தாதுக்கள் இருக்கின்றன, காந்தம் இழுக்கிற இரும்புத் துகளும் கலந்திருக்கும். என்ஜின் மோட்டாரில் இருப்பது காந்தம். துகள் உள்ளே போய் ஒட்டிக்கொண்டால் மோட்டாரும் பற்சக்கரமும் கொஞ்ச நாளில் அரைபட்டுவிடும். மணலைத் தாளில் மெல்லியதாகப் பரப்பி, பிளாஸ்டிக் பையில் சுற்றிய வலுவான காந்தத்தை அதன்மேல் நாலைந்து முறை ஓட்டுங்கள். ஒட்டி வருகிறதைப் பார்த்தால் நீங்களே மிரண்டுபோவீர்கள். பிறகு வாணலியில் வறுத்து ஆறவிட்டால் பூச்சி, ஈரம் இரண்டும் போகும். வீட்டில் கேட்டுவிட்டு வறுக்கவும்.

ஜல்லிக்கும் இதே சோதனை. ஒட்டுவதற்கு ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி, பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு துளி. அந்தத் துளி இல்லாவிட்டால் பசை ஊறாமல் முத்து முத்தாக உருளும். என்ஜின் தண்ணீர் பிடிக்கிற தூணுக்குப் பக்கத்திலும், சிக்னலுக்காக என்ஜின் நிற்கிற இடத்திலும் ஜல்லியை எண்ணெயும் சாம்பலுமாகக் கறுப்பாக்குங்கள். ஊரெல்லாம் ஒரே நிறத்தில் இருந்தால் அங்கே ரயிலே ஓடவில்லை என்று அர்த்தம்.

என்ஜின் விக்கி விக்கி ஓடுகிறது. கடலோரத்தில் வீடு.

உப்புக் காற்று. துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் துடைத்துவிட்டு ஓட்டுங்கள். உப்புத்தாள் போடவே கூடாது. கீறலில்தான் அடுத்த அழுக்கு உட்காரும். அடிப்பலகை பிளைவுட் என்றால் அடிப்பக்கத்துக்கும் வார்னிஷ் அடித்துவிடுங்கள், மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி நெளியும்.

ஊட்டி ரயிலை வீட்டில் ஓட்ட முடியுமா? (கோவை வாசகர்)

முடியும், செலவு கொஞ்சம் கூடும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை. ஏறக்குறைய பன்னிரண்டடி போனால் ஓரடி ஏற்றம். சாதாரண மாடல் என்ஜின் நாற்பதுக்கு ஒன்றிலேயே மூச்சு வாங்கும். ஆனால் ஹெச்ஓஎம் அளவில் ஸ்விஸ் மலை ரயில்களுக்காகப் பல்தண்டவாளம் விற்கிறார்கள். நீலகிரியின் பழைய எக்ஸ் வகை என்ஜின்களே ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூரில் பிறந்தவைதானே, உறவு விட்டுப்போகாது. ஏறும்போது என்ஜின் பின்னாலிருந்து தள்ளும் என்பதை மறந்து முன்னால் மாட்டிவிடாதீர்கள். ஆண்டையும் முடிவு செய்துகொள்ளுங்கள். 1990கள் என்றால் நிலக்கரி. எண்ணெயில் எரிகிற என்ஜின் வேண்டுமென்றால் அதற்குப் பிந்தைய காலத்துக்கு வர வேண்டும், அப்போது கரித்தூள் கறையையும் குறைக்க வேண்டும்.

எல்லாம் செய்து முடித்தும் ஓட்டும்போது பொம்மையாகவே தெரிகிறது!

வேகமாக ஓட்டுகிறீர்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தை ஹெச்ஓவுக்குச் சுருக்கினால் நொடிக்கு 16 சென்டிமீட்டர்தான். ஒரு மீட்டர் கடக்க ஆறு நொடிக்கு மேல் ஆக வேண்டும். தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு மீட்டர் இடைவெளியில் குட்டிக் கிலோமீட்டர் கல் இரண்டை நட்டுவிட்டு, செல்போன் ஸ்டாப்வாட்ச்சைப் போடுங்கள்.