கடல் மீன்பிடி ரீலில் டிராக் என்றால் என்ன? அதன் வாஷர்களை ஏன் கார்பனுக்கு மாற்றுகிறார்கள்?

பெரிய மீன் இழுக்கும்போது தூண்டில் நரம்பு அறுந்துவிடாமல், ஓரளவு இறுக்கத்தோடு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும் அமைப்புதான் டிராக். சைக்கிள் பிரேக் மாதிரி, உள்ளே அடுக்கியிருக்கும் வாஷர்களின் உராய்வுதான் வேலை செய்கிறது, உராய்ந்தால் சூடாகும். மலிவான ரீல்களில் இருக்கும் ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி போன்றது) வாஷர் அந்தச் சூட்டில் நசுங்கிப்போகும், உப்புத்தண்ணீர் புகுந்து காய்ந்தால் உப்புப் படிந்து டிராக் விட்டுவிட்டு இழுக்கும், அந்த வெட்டி இழுப்பில் நரம்பு அறுந்துவிடலாம். கார்பன் ஃபைபர் சூட்டைத் தாங்கும், அதனால் நீண்ட ஓட்டத்திலும் பிடிமானம் அவ்வளவாக மாறாது.

ஸ்பின்னிங் ரீல் என்றால் வீட்டிலேயே மாற்றலாம். டிராக் குமிழைக் கழற்றினால் ஸ்பூலுக்குள் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) ஒரு மெல்லிய கம்பி வளையம் தெரியும், அதை நெம்பும்போது மேலே விரலை வைத்துக்கொள்ளுங்கள், தெறித்துப் போனால் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. உள்ளே உலோக வாஷரும் உராய்வு வாஷரும் மாறி மாறி இருக்கும். உலோக வாஷர்களில் ஓரத்தில் காது போல நீட்டியிருப்பது ஸ்பூலோடு சுற்றும், நடுத்துளையின் பக்கம் தட்டையாக இருப்பது தண்டோடு நிற்கும். இந்த வரிசை மாறினால் டிராக் சரியாகப் பிடிக்காது, ஆகவே கழற்றக் கழற்ற போட்டோ எடுத்துவிடுங்கள். புது வாஷரின் விட்டமும் தடிமனும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். அப்புறம், ரீலைக் கழுவும்போது டிராக்கை இறுக்குங்கள், காய்ந்ததும் தளர்த்தி வையுங்கள்.

கிரீஸ் போட்டால் டிராக் வழுக்கிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். டிராக்குக்கென்றே இருக்கும் கிரீஸைக் கார்பன் வாஷரில் மெல்லிசாகத் தடவினால் பிடிமானம் போகாது, நரம்பு வெட்டில்லாமல் ஓடும், தண்ணீரும் எளிதில் உள்ளே இறங்காது.