அம்மாவின் ஆக்சிஜன் கருவிக்குப் போதுமா?

வணக்கம். கலிஃபோர்னியாவின் சான் ஹொசே வீட்டில் டெஸ்லாவின் இரண்டு பவர்வால் பேட்டரிகள், அம்மாவுக்கு இரவெல்லாம் ஆக்சிஜன் கருவி. மின்தட்டுப்பாட்டு நாளில் அழைப்பு வரும்போது வீட்டு பேட்டரியிலிருந்து மின்வலைக்கு மின்சாரம் கொடுத்துப் பணம் பெறும் அவசர மின்வலைத் திட்டத்தில் சேரலாமா, அப்படிக் கொடுத்த அன்றே வீட்டில் மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். சரியான கவலை.

சேரலாம், ஆனால் முதலில் மின்தடைக்கென பேட்டரியில் ஒதுக்கி வைக்கும் கையிருப்பு அளவை உயர்த்திவிடுங்கள். டெஸ்லா செயலியில் நீங்கள் வைக்கும் அந்த அளவுக்குக் கீழே திட்டம் பேட்டரியைத் தொடாது. வீட்டு ஆக்சிஜன் கருவி பொதுவாக 350 வாட் இழுக்கும். பத்து மணி நேரத்துக்கு மூன்றரை யூனிட். உங்கள் இரண்டு பேட்டரிகளில் மொத்தம் 27 யூனிட். 40 சதவீதம் வைத்தால் பத்து யூனிட்டுக்கு மேல் மிஞ்சும். குளிர்பதனப் பெட்டிக்கும் போதும். காட்டுத்தீப் புகை நாட்களில் சூரியத் தகடுகள் மந்தமாகும், அப்போது 70 ஆக்குங்கள். நான் அதைவிடக் குறைக்க மாட்டேன்.

திட்டம் தரும் யூனிட்டுக்கு 2 டாலர் என்பதை எல்லா யூனிட்டுக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். வழக்கமான நாளில் தருவதைவிடக் கூடுதலாகத் தருவதற்கே அந்தப் பணம். மாலை 4 முதல் 9 வரை ஏற்கெனவே பேட்டரியில் வீட்டை ஓட்டினால் தொகை சுருங்கும். அழைப்பு வரும் நாளில் விலகிக்கொள்ளலாம், அபராதம் கிடையாது.

இன்னொன்று, இதுதான் முக்கியம்: மின் நிறுவனத்தின் மருத்துவச் சலுகைப் பட்டியலில் அம்மாவின் தேவையைப் பதிவு செய்துவிட்டீர்களா? தீ அபாயத்தால் மின்சாரத்தை நிறுத்துமுன் கூடுதல் எச்சரிக்கை அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு வரும். அதை இந்த வாரமே முடியுங்கள்.