எட்டைக் காணோம்!

கேள்வி: சார், 12345679-ஐ 9-ஆல பெருக்குனா 111111111 வருது, அந்த நம்பர்ல 8 மட்டும் ஏன் இல்ல? இது பகா எண்ணா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: பகா எண் இல்லீங்க, 37-ஐயும் 333667-ஐயும் பெருக்குனா வர்றதுதான் இது. 8 எங்க போச்சுன்னா, 1-ஐ 81-ஆல வகுங்க, 0.012345679012345679னு போயிட்டே இருக்கும், நியாயமா அதுல 7, 8, 9, 10னு வரிசையா வரணும், ஆனா 10 ஒரே இடத்துல அடங்காதே, அதுல இருந்து 1 முன்னாடி இருக்கற 9-க்குப் போயி அதுவும் 10 ஆகி, அங்கேருந்து ஒண்ணு நகர்ந்து 8-ஐ 9 ஆக்கிடுது, அவ்ளோதான். நம்ம வேலூர் லாங்கு பஜார் கடைங்கள்ல வச்சிருக்கற எட்டு இலக்க கால்குலேட்டர்ல இந்தப் பெருக்கலெல்லாம் போட்டா எரர்தான், செல்போன்ல போடுங்க. 63-ஆல பெருக்குனா 777777777, 12-ஆல பெருக்குனா 148148148. எனக்கு ரெண்டாவதுதான் புடிச்சிருக்கு.